காயலான் கடைக்கா, கற்கும் கூடத்திற்கா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



உங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறதா? ராஜ்தூத், ஜாவா, எஸ்டி, புல்லட்... ஏதோ ஒன்று. அப்பா ஓட்டியது, அல்லது தாத்தா ஓட்டியது. இப்போது அதன் சீட்டின் மேல் வெங்காய மூட்டையும் பழைய பேப்பர் கட்டும் உட்கார்ந்திருக்கும். "பழைய இரும்பு, ஈயம், பித்தளை..." என்று தெருவில் குரல் கேட்கும் போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர், "அந்த வண்டியைப் போட்டுடலாமா?" என்று கேட்பார்.

எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அது 1986-ஆம் ஆண்டு புல்லட் 350. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த என் தாத்தா, அதில்தான் ஊர் ஊராகப் போய் வந்தார். 2014-ல் அவர் காலமான பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. நான் முதலாம் ஆண்டு முடித்திருந்த விடுமுறையில் காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை சொல்லிவிட்டார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"நான் மெக்கானிக்கல் படிக்கிறேன்பா. நானே ஓட வச்சுக் காட்டுறேன்."

"நீ படிக்கிறது ஒரு வருஷம்தான்டா ஆச்சு. வண்டிக்கு உன் வயசுல ரெண்டு மடங்கு ஆச்சு" என்றார் அப்பா. ஆனாலும் விட்டுவிட்டார்.

ஓட வைத்தேன். பிறகு நானே அதைக் கெடுத்தேன். பிறகு மறுபடியும் ஓட வைத்தேன். என் பெருமையைச் சொல்வதற்கு நான் இதை எழுதவில்லை. இந்த மூன்றிலும் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது நடுவில் நடந்ததுதான். என் கருத்து இதுதான்: பழைய வண்டியை வீட்டில் பழுது பார்ப்பது நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களின் படிப்பில் ஒரு பகுதியாக வேண்டும். ஆனால், "ஏன் கழற்றுகிறேன்?" என்று கேட்கத் தெரியாதவன் கையில் ஸ்பேனர் இருப்பது வண்டிக்கு ஆபத்து!

நம் மண்ணில் உயிர் பிழைத்த வண்டி

முதலில் இந்த வண்டியின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. 1950-களில் நம் இராணுவத்துக்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். அப்புறம் படிப்படியாக எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் நம் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது! பிறந்த வீட்டில் கதவு சாத்திய பிறகு, வளர்ந்த வீட்டில் இருந்து சீர் கொண்டு போன கதை.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு என்ஜினின் போர் 70 மில்லி மீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லி மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 346 சி.சி. வரும். ஒரே சிலிண்டர், இரண்டு வால்வு, இரண்டு புஷ்ராடு. கியர்பாக்ஸ் தனியாக நிற்கும். எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் கிடையாது. புத்தகத்தில் நாம் பார்க்கிற நாலு ஸ்ட்ரோக் படம் அப்படியே கண் முன்னால் இருக்கிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இதைவிட நல்ல என்ஜின் எது?

இரண்டு மார்க் கேள்வியின் விலை

முதல் நாளே ஒரு நட்டைக் கெடுத்தேன். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போட்டேன், ஏறவில்லை. 14 போட்டேன், ஏறியது. பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். சரக்கென்று வழுக்கி நட்டின் மூலைகள் தேய்ந்துவிட்டன. என் முட்டித் தோலும்தான்!

எங்கள் தெருமுனை மெக்கானிக் பாயிடம் ஓடினேன். நாற்பது வருஷமாக அதே கடை, அதே எண்ணெய்ப் பிசுக்குப் பலகை. நட்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது மில்லி மீட்டர் இல்ல தம்பி. இங்கிலீஷ் அளவு. இந்தா, இதைப் போடு" என்று ஒரு பழைய ஸ்பேனரைக் கொடுத்தார். அதில் 'கால் டபிள்யூ' என்று அடித்திருந்தது.

டபிள்யூ என்றால் விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ல் வகுத்த மரை முறை. அதன் மரைக் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. இதை மெஷின் டிராயிங்கில் இரண்டு மார்க்குக்குப் படித்திருக்கிறோம். நானும் எழுதி மார்க் வாங்கியவன்தான். ஆனால் பழைய புல்லட்டின் பல நட்டுகள் அந்த ஆங்கில அளவில்தான் இருக்கின்றன என்பதும், அந்தக் கால் அங்குல ஸ்பேனரின் வாய் 13.3 மில்லி மீட்டர் என்பதும் என் முட்டியில் ரத்தம் வந்த பிறகுதான் புரிந்தது. அதனால்தான் 13 ஏறாது, 14 வழுக்கும். தோழர்களே, மெட்ரிக் போல்ட்டை ஆங்கில மரையில் திணித்து ஏற்றினால் அலுமினிய உறையின் மரையே போய்விடும். பழைய வண்டியைத் தொடுபவர்கள் முதலில் செலவு செய்ய வேண்டியது சரியான ஸ்பேனர் செட்டுக்குத்தான். பெயின்டுக்கு அல்ல!

முதலில் மலிவான காரணம்

எட்டு வருஷம் நின்ற வண்டியை எப்படி எழுப்புவது? நான் நினைத்தது, என்ஜினை முழுக்கக் கழற்ற வேண்டும் என்று. பாய் ஒரே பேச்சில் தடுத்துவிட்டார்.

"வண்டி ஓடுறதுக்கு மூணுதான் வேணும். பெட்ரோல், நெருப்பு, அமுக்கம். மூணையும் பாத்துட்டு வா. அப்புறம் கழட்டலாம்."

பார்த்தேன். டேங்கில் பழைய பெட்ரோல் கெட்டுப்போய்ப் பசை மாதிரி ஆகியிருந்தது. கார்புரேட்டர் ஜெட்டில் அது படிந்து அடைத்திருந்தது. டேங்கைக் கழுவி, ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து காற்றடித்தேன். பாயின்ட் முகத்தில் கறுப்புப் படலம். நைசான எமரியால் லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்து, இடைவெளியை பீலர் கேஜ் வைத்து 0.35-க்கும் 0.40 மில்லி மீட்டருக்கும் நடுவில் வைத்தேன். பிளக்கைக் கழற்றி ஹெட்டில் மண் பிடித்து வைத்து உதைத்துப் பார்த்தேன். நீல நெருப்பு!

அமுக்கத்துக்குத் தனி மீட்டர் தேவைப்படவில்லை. கிக்கரில் காலை வைத்து அழுத்தினால் ஓரிடத்தில் தாங்கி நிற்கிறதே, அதுவே போதும். டேப்பெட்டுக்கு ஒரு சோதனை இருக்கிறது. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்க வேண்டும். அப்போது புஷ்ராடு விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இவ்வளவுதான்.

இன்னொன்று. இந்த என்ஜினில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸுடன் ஒன்றாக வார்த்த தனி அறை. வண்டி பல வருஷம் நின்றால் அந்த எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து ஃப்ளைவீல் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். அப்படியே உதைத்தால் கிக்கர் இறுகும், புகை மண்டும். அதனால் இரண்டு அறையையும் வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.

அப்புறம் உதைக்கும் முறை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து, டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, விட்டு உதைக்க வேண்டும். பத்தோ பதினைந்தோ உதை. பிறகு... டுப்... டுப்... டுப்... அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார், அவ்வளவுதான்.

செலவு என்ன தெரியுமா? பெட்ரோல், எண்ணெய், ஒரு பிளக். வேறு எதுவும் வாங்கவில்லை. கோளாறு எல்லாமே மலிவானதுதான். என்ஜினைக் கழற்றியிருந்தால்?

நான் செய்த தவறு

இங்கேயே கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் வண்டியைக் கல்லூரிக்குக் கொண்டு வரும் ஆசை வந்தது. வலது பக்க டைமிங் கவர் மங்கலாக இருந்தது. கழற்றி பஃபிங் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னுமே! கழற்றினேன், பளபளவென்று ஆக்கினேன், பூட்டினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. எச்சரிக்கையாக இருக்கிறேன் என்ற நினைப்பில், ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைத் தளர்த்தியும் பார்த்தேன். எண்ணெய் வந்தது. திருப்தி!

மூன்றாவது நாள் பைபாஸில் போகும்போது அடியில் இருந்து "டக் டக்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அது "டங் டங்" ஆனது. வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் பாய் கடைக்கு வந்தேன்.

அவர் கவரைத் திறந்தார். உள்ளே சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு கார்க் வாஷர். பம்ப்பில் இருந்து வரும் எண்ணெய் டைமிங் கவர் வழியாகத்தான் கிராங்க் ஷாப்ட்டின் நுனிக்குள் போய், அங்கிருந்து பிக் எண்டுக்குப் போகிறது. கவரும் ஷாப்ட்டும் சேரும் இடத்தில் எண்ணெய் வெளியே கசியாமல் தடுப்பது அந்தக் கார்க்தான். கவரைக் கழற்றினால் புதிது போட வேண்டும். நான் நசுங்கிப் போன பழையதையே வைத்துப் பூட்டியிருந்தேன். எண்ணெய் எல்லாம் அந்த வழியில் கசிந்து கீழே இறங்கிவிட்டது. பிக் எண்ட் காய்ந்து போனது.

"ராக்கர்ல எண்ணெய் வந்துச்சே பாய்?"

"அது திரும்பி வர்ற எண்ணெய் தம்பி. ரிட்டர்ன் பம்ப்பு கீழ கெடக்கிறதை எடுத்து மேல அனுப்புது. கீழ கசிஞ்சாலும் மேல வரத்தான் செய்யும். நீ பாக்க வேண்டியது அதை இல்ல."

பிறகு அவர் கேட்ட கேள்விதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது. "கழட்டுனது சரி தம்பி. எதுக்குக் கழட்டுன?"

என்னிடம் பதில் இல்லை. மின்ன வேண்டும் என்பதற்காக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என்ஜினைத் திறந்திருக்கிறேன்!

கிராங்கைப் பிரித்து, புதுப் பின், புது புஷ் போட்டு, லேத் பட்டறையில் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் ஓட்டம் பார்த்துச் சரி செய்தார்கள். மெட்ராலஜி லேபில் ரெக்கார்டு நோட்டுக்காகத் தொட்ட அதே டயல் கேஜ்! அந்த முள்ளின் ஒவ்வொரு துடிப்பும் அன்று எனக்குப் பணமாகத் தெரிந்தது. அந்தப் பணம் அக்கா வளைகாப்புக்கு என்று அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்தது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆறு மாதம் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை பாய் கடையில் வேலை செய்து அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு கார்க் வாஷர், அதன் விலை சில ரூபாய்!

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். தேவையில்லாத காரியமும் சிதறாமல் இருக்காது என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மறுப்பவர்களுக்கு என் பதில்

"இதெல்லாம் எதற்கு? இப்போது வரும் வண்டி எல்லாம் எலக்ட்ரானிக், நாளைக்கு எல்லாமே பேட்டரி" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆனால் சென்சார் வந்துவிட்டதால் யோசிக்கும் வேலை போய்விட்டதா? ஸ்கேனர் ஒரு கோடு நம்பரைக் காட்டும். சென்சார் கெட்டதா, அதற்குப் போகும் வயர் கெட்டதா என்று பார்ப்பவன் மனிதன்தான். வரும் எண்ணெய் எது, திரும்பும் எண்ணெய் எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றவன், பேட்டரி வண்டியிலும் அதே மாதிரி பிரித்துப் பார்ப்பான்.

"அரியர் வைத்துக்கொண்டு வண்டி நோண்டுகிறான்" என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மதியம் போதும், அதற்கு மேல் வேண்டாம். பரீட்சை நேரத்தில் சாக்கைப் போர்த்தி வைத்துவிடுவோம். வண்டி எங்கும் ஓடிவிடாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பழைய புல்லட் வாங்கியதும் அவர்கள் செய்கிற முதல் வேலை சைலன்ஸரைக் கழற்றி எறிவது. இரண்டாவது, ஹேண்டில் பாரை மாற்றுவது. இதற்குப் பெயர் பராமரிப்பா? தெருவில் தூங்கும் குழந்தையை எழுப்புவதற்கு டிப்ளமோ தேவையில்லை. தயாரிப்பாளர் வைத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷத்தைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்குத்தான் 'விண்டேஜ்' என்ற தகுதியும் தனிப் பதிவு எண்ணும் உண்டு. பழமையின் மதிப்பு அது பழையபடியே இருப்பதில்தான்! என் வண்டிக்கு அந்த வயசு இன்னும் வரவில்லை. அதனால் எல்லா வண்டியையும் போல 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் ஆர்.சி. புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். பேப்பர் இல்லாத வண்டியை எழுப்பி என்ன பயன்?

வீட்டில் செய்யக் கூடாதவை

ஆசையில் அளவு தெரிய வேண்டும். பிரேக் வேலை, கிராங்க் வேலை இரண்டையும் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். ஓடாத வண்டி யாரையும் கொல்லாது. நிற்காத வண்டி கொல்லும். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதவோ, காற்றடித்துக் கிளப்பவோ கூடாது. ஈரத் துணியால் துடையுங்கள். அடுப்பு எரியும் வீட்டுக்குள் பெட்ரோலில் பாகம் கழுவாதீர்கள். திறந்த வெளியில் மண்ணெண்ணெயோ டீசலோ போதும். என்ஜின் ஓடும்போது செயினைத் துடைப்பது விரலுக்கு நாமே வைக்கும் வெடி. இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒரு நோட்டு. கழற்றும் வரிசை, எந்த போல்ட் எந்த ஓட்டையில் இருந்து வந்தது, எது புதிதாகப் போட வேண்டியது, எல்லாவற்றுக்கும் மேலாக 'ஏன் கழற்றுகிறேன்' என்ற ஒரு வரி. அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த நசுங்கின கார்க்கை ஒட்டி வைத்திருக்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு கட் செக்‌ஷன் என்ஜின் இருக்கிறது. பாதி வெட்டி, சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் அடித்தது. கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும். அழகாக இருக்கிறது. ஆனால் அது ஒரு நாளும் மக்கர் பண்ணாது, சூடாகாது, சத்தம் போடாது. மக்கர் பண்ணாத என்ஜினிடம் நாம் என்ன பழுதைக் கற்றுக்கொள்வது? அதில் தவறு செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லாத இடத்தில் பொறுப்பும் வருவதில்லை.

எனவே நம் மாணவர் சங்கம் முதல்வர் அவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டுகிறேன். சனிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூலை, மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர், ஒரு விட்வொர்த் ஸ்பேனர் செட், ஒரு பீலர் கேஜ். மாணவர் வீட்டில் தூங்கும் பழைய வண்டி ஒன்றைப் பருவத்துக்கு ஒன்றாகக் கொண்டு வருவோம். வயரிங்குக்கு எலக்ட்ரிக்கல் துறை நண்பர்கள் வரட்டும். "பொண்ணுங்களுக்கு எதுக்கு கிரீஸ் கை?" என்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு, நம் துறைத் தோழியரும் முன் வரிசையில் நிற்கட்டும். பாய் போன்ற அனுபவசாலிகளை ஆசிரியர் தினத்தன்று அழைத்து ஒரு சால்வை போர்த்தி, ஒரு மணி நேரம் பேசச் சொல்வோம். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் கடையைச் சாத்தும் நாளில் அதுவும் சேர்ந்து மூடிவிடும்.

தாத்தாவின் வண்டி இப்போது ஓடுகிறது. டைமிங் கவர் மறுபடியும் மங்கிவிட்டது. நான் தொடவில்லை. போன மாதம் அக்காவைப் பார்க்க அப்பாவே அதை எடுத்துக்கொண்டு போனார். பதினெட்டு கிலோ மீட்டர். திரும்பி வந்து சாவியை என் கையில் கொடுத்து, "பிரேக் கொஞ்சம் கம்மியா இருக்குடா, பாரு" என்றார்.

பார்க்கச் சொன்னாரே! அது போதும் எனக்கு. பாயையும் கூட்டி வந்து பார்த்தேன்.

தோழர்களே, இந்த விடுமுறையில் அந்தச் சாக்கை விலக்குங்கள். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் நோட்டை எடுங்கள்.

கேட்போம்! பிறகு கழற்றுவோம்!